கழிவு நீர் அமைப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டால்: வர்ஜீனியா மாநிலம் தரும் பாடம்

வீட்டிற்குள் நல்ல நீர் வருவதற்கு நாம் எவ்வளவு கவலை கொள்கிறோமோ, அவ்வளவு கவலை அந்நீர் பயன்பட்ட பின் எங்கே சென்று சேர்கிறது என்பதிலும் கொள்ள வேண்டும். நகரங்களில் தெருவின் கீழே ஓடும் பாதாளச் சாக்கடை இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. கிராமத்திலோ ஒவ்வொரு குடும்பமும் தன் மனைக்குள்ளேயே இதற்கு வழி தேடிக்கொள்ள வேண்டியதாகிறது. ஆனால் நம் மனையில் விடும் கழிவு நீர் நம் வேலியோடு நின்று விடுவதில்லை. நிலத்தடியில் மெல்ல நகர்ந்து அண்டை வீட்டாரின் கிணற்றையும் அது அடையக்கூடும். இதனால்தான் பல நாடுகளில் அரசாங்கம் குறுக்கிட்டு, முன் அனுமதி பெற்ற பின்னரே கழிவு நீர் அமைப்பைக் கட்ட வேண்டும் என்று சட்டம் வகுத்திருக்கிறது.

அனுமதி என்று ஒன்று இருந்தால் அது மறுக்கப்படுவதும் உண்டு. மறுக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்? மறுக்கும் அதிகாரி எந்த முறையில் மறுக்க வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வர்ஜீனியா மாநிலம் இதற்கென்றே தனியானதொரு மேல்முறையீட்டு வாரியத்தை அமைத்திருப்பதால், அந்த மாநிலத்தை நம் பாடத்துக்கு உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அமெரிக்கா முழுவதும் பாதாளச் சாக்கடை வசதி உள்ள நாடு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. அந்நாட்டு வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இன்றும் தத்தம் மனையிலுள்ள செப்டிக் டாங்கையும் மண்ணையுமே நம்பி இருக்கின்றன.

மண் செய்யும் வேலை

அனுமதி ஏன் மறுக்கப்படுகிறது என்பதை அறிவதற்கு முன், இந்த அமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். வீட்டிலிருந்து வரும் கழிவு நீர் முதலில் செப்டிக் டாங்கில் தங்குகிறது. கனமான பொருள்கள் அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கிறது. இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறி, சரளைக் கல் இட்டு மூடப்பட்ட உறிஞ்சு வாய்க்கால்களின் வழியே மண்ணுக்குள் செல்கிறது. டாங்கை விட்டு வெளியேறிய நீர் தூய்மை அடைந்துவிட்டது என்று பலர் கருதுவது பிழை. நோய்க் கிருமிகள் அதில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை அழிக்கும் வேலையை மண்ணே செய்கிறது. நீர் நிறையாத, காற்றோட்டமுள்ள மண்ணில் கழிவு நீர் மெதுவாக இறங்கும்போது, மண் துகள்கள் கிருமிகளைப் பற்றி நிறுத்துகின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை அழிக்கின்றன.

ஆகவே மண்ணுக்கு இரண்டு குணங்கள் தேவை. நீரை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் விரைவில் விட்டு விடலாகாது. இறுகிய களிமண் நீரை ஏற்காது. கழிவு நீர் மேலே பொங்கி முற்றத்தில் நிற்கும். பருமணலோ நீரைச் சல்லடைபோல் விட்டு விடும். கிருமிகள் அழியு முன்னரே நிலத்தடி நீரை அடைந்து விடும். பாறையோ நிலத்தடி நீரோ மிக மேலே இருந்தாலும் இதே ஆபத்துதான்.

இதை அறிய இரு வழிகள் உண்டு. முதலாவது உறிஞ்சு சோதனை. குழி தோண்டி, மண் நன்கு ஊறும் வரை நீர் ஊற்றி, பின்னர் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்குவதற்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளப்பது. 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயன் என்ற பொறியியலார் இச்சோதனையை உருவாக்கினார். இரண்டாவது வழி, ஆளுயரக் குழி வெட்டி மண்ணின் அடுக்குகளை நேரில் பார்ப்பது. கோடையில் வறண்டு கிடக்கும் நிலத்தில் உறிஞ்சு சோதனை மட்டும் செய்தால் ஏமாற்றம் நேரலாம். மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறும் என்பதை அது சொல்லாது. ஆனால் மண்ணின் நிறம் சொல்லும். நெல் வயலில் நீர் தேங்கும் ஆழத்தில் மண் சாம்பல் நிறமாக இருப்பதையும், வேர் சென்ற துளையோரம் துருவின் நிறம் படிந்திருப்பதையும் நம் உழவர்கள் அறிவார்கள். மண்ணிலுள்ள இரும்பு, காற்று இருக்கும் இடத்தில் சிவந்தும் மஞ்சளித்தும், நீர் நின்று காற்று அற்ற இடத்தில் நிறமிழந்தும் போவதே இதற்குக் காரணம். எனவே செம்மண்ணின் நடுவே சாம்பல் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, மழைக்காலத்து நீர்மட்டம் அவ்வளவு தூரம் மேலே வருகிறது என்று மண் ஆராய்ச்சியாளர் முடிவு செய்கின்றனர். அமெரிக்காவில் எத்தனையோ விண்ணப்பங்களின் தலைவிதியை இந்தச் சாம்பல் புள்ளிகளே நிர்ணயிக்கின்றன.

மறுப்புக்குரிய காரணங்கள்

வர்ஜீனியாவில் வீடு கட்ட விரும்புவோர், கவுண்டி எனப்படும் உள்ளூர்ப் பிரிவிலுள்ள சுகாதார இலாகாவிடம் விண்ணப்பம் செய்கின்றனர். உரிமம் பெற்ற மண் மதிப்பீட்டாளர் மனையைச் சோதித்து அறிக்கை தருகிறார். வீட்டின் அளவுக்கேற்பக் கழிவு நீரின் அளவு கணக்கிடப்படுகிறது. படுக்கையறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 காலன் என்பது அம்மாநிலத்துக் கணக்கு. மூன்று படுக்கையறை உள்ள வீட்டுக்கு 450 காலன், அதாவது ஏறத்தாழ 1,700 லிட்டர். இவ்வளவு நீரையும் ஆண்டு முழுவதும், அடைமழைக் காலத்திலும், ஏற்றுக்கொள்ளும் மண் அந்த மனையில் இருக்க வேண்டும்.

மறுப்புக்கு வழக்கமான காரணங்கள் பின்வருவன:

1. மண் நீரை மிக மெதுவாக உறிஞ்சுதல்.
2. மழைக்கால நீர்மட்டமோ பாறையோ மேலே இருத்தல்.
3. கிணற்றுக்கும் உறிஞ்சு வாய்க்காலுக்கும் இடையே போதிய தூரம் இல்லாமை. குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டுக் குழம்பு இட்டு அடைத்த தனியார் கிணற்றுக்கு 50 அடியும், அத்தகைய காப்புக் குறைந்த கிணற்றுக்கு 100 அடியும் வர்ஜீனியாவில் விதிக்கப்பட்டுள்ளன.
4. மனை சிறிதாக இருத்தல், அல்லது சரிவு மிகுதியாக இருத்தல்.
5. விண்ணப்பத்திலோ வரைபடத்திலோ குறை இருத்தல்.

இவற்றுள் ஐந்தாவது காரணம் காகிதத்தைப் பற்றியது. திருத்திக் கொடுத்தால் தீர்ந்து விடும். முதல் நான்கும் நிலத்தைப் பற்றியவை. மேல்முறையீடு செய்ய எண்ணுபவர், தம்முடைய மறுப்பு காகிதத்தால் வந்ததா, நிலத்தால் வந்ததா என்பதை முதலில் தெளிந்து கொள்ள வேண்டும்.

மேல்முறையீட்டின் படிகள்

மறுப்பு எழுத்து மூலமாகவே வருகிறது. எந்த விதியின்கீழ், மனையில் கண்ட எந்தக் குறைக்காக மறுக்கப்பட்டது என்பதும், அதனை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்பதும் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படுகின்றன.

முதற்படி, இலாகாவின் அதிகாரியோடு நேரில் நடக்கும் உண்மை அறியும் கூட்டம். இது நீதிமன்றம் போன்றதன்று. விண்ணப்பதாரர் தம் வரைபடத்தையும் மண் அறிக்கையையும் கொண்டு வந்து, அதிகாரி கண்டதில் எது பிழை என்று விளக்கலாம். பல தகராறுகள் இங்கேயே முடிந்து விடத்தக்கவை.

இரண்டாம் படி, மாநிலக் கழிவு நீர் மேல்முறையீட்டு ஆய்வு வாரியம். இது ஏழு உறுப்பினர்களைக் கொண்டது. அவர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார். மறுப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் முறையீட்டைத் தாக்கல் செய்துவிட வேண்டும். அனுமதியை மறுத்த இலாகாவே தன் முடிவைத் தானே சரிபார்த்துக் கொள்வதைக் காட்டிலும், வெளியிலுள்ள ஒரு வாரியம் அதை ஆராய்வது மக்களுக்கு அதிக நம்பிக்கை அளிப்பதாகும்.

மூன்றாம் படி நீதிமன்றம். வாரியத்தின் முடிவும் திருப்தி அளிக்காவிடில் சர்க்யூட் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால் அங்கே நீதிபதி மண்வெட்டி எடுத்துக்கொண்டு மனைக்கு வருவதில்லை. கீழ்ப்படிகளில் பதிவான சான்றுகளையும், சட்டம் சரிவரப் பின்பற்றப்பட்டதா என்பதையுமே அவர் பார்க்கிறார். ஆகையால் சொல்ல வேண்டிய உண்மைகளை எல்லாம் முதல் இரண்டு படிகளிலேயே எழுத்தில் பதியச் செய்துவிட வேண்டும். பிறகு சொல்லிக் கொள்ளலாம் என்று வைத்திருந்த சான்று, பெட்டியில் பூட்டி வைத்த விதை நெல் பருவம் தவறிப் போவது போலப் பயனற்றுப் போகும்.

இங்கே மற்றொரு வேறுபாட்டையும் நினைவில் இருத்த வேண்டும். மேல்முறையீடு வேறு, விதிவிலக்கு வேறு. 'அதிகாரி விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்' என்பது மேல்முறையீடு. 'விதி சரிதான், ஆனால் என் மனையின் தனி நிலைமையைக் கருதி அதைத் தளர்த்துங்கள், பொதுமக்கள் நலனுக்குக் கேடு வராது' என்பது விதிவிலக்கு. வர்ஜீனியாவில் விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் மாநிலச் சுகாதார ஆணையரிடம் இருக்கிறது. ஒன்றுக்குரிய வாதத்தை மற்றொன்றில் வைப்பவர் இரண்டிலும் தோற்பார்.

ஓர் உதாரணம்

விஷயம் விளங்கும் பொருட்டு, கற்பனையான ஓர் உதாரணத்தைக் காண்போம். ஒரு குடும்பத்தார் இரண்டு ஏக்கர் மனை வாங்கி, மூன்று படுக்கையறை கொண்ட வீட்டுக்குத் திட்டமிடுகின்றனர். தாழ்வான பகுதியில் தோண்டிய மூன்று குழிகளிலும் மேலிருந்து 16 அங்குலத்திலேயே சாம்பல் புள்ளிகள் தென்படுகின்றன. இலாகா அனுமதி மறுக்கிறது.

அக்குடும்பத்தார் பின்வருமாறு முறையிடுவதாகக் கொள்வோம்: 'எங்கள் சேமிப்பு முழுவதையும் இம்மனையில் போட்டுவிட்டோம். பக்கத்து வீட்டாருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் அனுமதி கொடுத்தீர்கள். எங்கள் மனையில் நீர் தேங்கி நாங்கள் கண்டதே இல்லை.' இவை யாவும் உண்மையாக இருக்கலாம். கேட்பவர் மனம் இளகவும் செய்யலாம். ஆயினும் 16 அங்குலத்திலுள்ள சாம்பல் புள்ளிகளுக்கு இவற்றில் எதுவும் விடை அன்று. பக்கத்து மனையின் மண் வேறாக இருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் விதி வேறாக இருந்திருக்கலாம். இம்முறையீடு தோற்பதே இயல்பு.

இனி, அதே குடும்பத்தார் வேறொரு மண் மதிப்பீட்டாளரை அமர்த்தி, மனையின் மேட்டுப் பகுதியில் புதிதாகக் குழிகள் வெட்டச் செய்வதாகக் கொள்வோம். அங்கே 48 அங்குலம் வரை சிவந்த, காற்றோட்டமுள்ள மண் காணப்படுகிறது. உறிஞ்சு வாய்க்கால்களை மேட்டுக்கு மாற்றி, தாழ்விலுள்ள டாங்கிலிருந்து சிறு பம்பு மூலம் நீரை ஏற்றும் புதிய வரைபடத்தைத் தருகின்றனர். இப்போது மறுப்புக்குக் காரணமான குறையே நீங்கி விடுகிறது. இவ்வாறான நிலையில் மேல்முறையீடே தேவையில்லாமல், புதிய விண்ணப்பமே போதும் என்ற முடிவுக்கும் வரலாம்.

ஆக, மறுப்பை வெல்வது பேச்சுத் திறன் அன்று; மறுப்பில் எழுதப்பட்ட காரணத்துக்கு நேரான விடையே அதை வெல்லும். அவ்விடை நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும்: அளவு தவறு என்று காட்டுதல், விதியைத் தவறாகப் படித்தார்கள் என்று காட்டுதல், மனையில் வேறு நல்ல இடம் உண்டு என்று காட்டுதல், அல்லது அதே இடத்துக்குப் பொருந்தும் வேறு அமைப்பைக் காட்டுதல். மண்ணைக் கொண்டுவந்து மேடிட்டு அதன்மேல் கழிவு நீரை விடும் மேட்டு முறை, காற்றுச் செலுத்தி நீரை முதலிலேயே தூய்மை செய்யும் முறை, சொட்டு நீர்ப் பாசனம் போல் மெல்லிய குழாய்களில் விடும் முறை ஆகியவை இன்று வழக்கில் உள்ளன. மேட்டு முறையின் தொடக்கம் 1940-களின் பிற்பகுதியில் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில். 1970-களில் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தார் அதை ஆராய்ந்து செம்மைப்படுத்தினர். படுக்கையறைகளைக் குறைத்துக் கொள்வதும், அண்டை மனையில் உரிமை பெற்று உறிஞ்சு வாய்க்கால் அமைப்பதும் கூட வழிகளே.

தவறாகக் கொடுத்த அனுமதி

மறுப்பைப் பற்றியே பேசும்போது, தாராளமாக அனுமதி கொடுத்து விடுவதே மக்களுக்கு நன்மை என்று தோன்றலாம். அதுவும் பிழை. தகாத மண்ணில் கட்டிய அமைப்பு ஓரிரு மழைக்காலங்களிலேயே கெட்டு விடும். அப்போது வீடும் கட்டியாகிவிட்டது, பணமும் செலவாகிவிட்டது, அண்டை வீட்டாரின் கிணறும் கெட்டிருக்கும். வர்ஜீனியாச் சட்டம் இதனையும் எண்ணிப் பார்த்தது. இலாகாவின் கவனக்குறைவால் தவறாக அனுமதிக்கப்பட்ட அமைப்பு கட்டிய மூன்று ஆண்டுகளுக்குள் கெட்டுப்போனால், வீட்டுக்காரருக்கு ஈடு செய்வதற்கென்று ஒரு நிதியை அச்சட்டம் ஏற்படுத்தியது. அனுமதிக் கையெழுத்துக்கும் மறுப்புக் கையெழுத்துக்கும் ஒரே அளவு பொறுப்பு உண்டு என்பதை இந்த ஏற்பாடு உணர்த்துகிறது.

கழிவு நீரால் கெட்ட கிணறு கண்ணுக்குத் தெரியாது. கிருமிகளோடு நைட்ரேட் என்னும் உப்பும் நீரில் கலக்கிறது. இது காய்ச்சினாலும் போகாது. நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். விதிகளில் காணும் அடிகளும் அங்குலங்களும் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் பொருட்டே எழுதப்பட்டன என்பதை, மறுக்கப்பட்டவரும் மறுப்பவரும் மறத்தல் கூடாது.

மறுப்போடு கடமை முடிவதில்லை

நிலமே முற்றிலும் இடம் கொடாத ஊர்களும் உண்டு. அங்கே மேல்முறையீட்டால் மட்டும் பயன் விளையாது. அலபாமா மாநிலத்து லவுண்ட்ஸ் கவுண்டி இதற்குச் சான்று. 1965-ஆம் ஆண்டு செல்மாவிலிருந்து மாண்ட்கமரி நகருக்குக் கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரி நடந்த பேரணி இந்தக் கவுண்டியின் வழியாகவே சென்றது. அப்பகுதியின் மண் கறுத்த களிமண். நம் கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசலைப் போல ஈரத்தில் விரிந்து இறுகும் இயல்புடையது. சாதாரண உறிஞ்சு வாய்க்கால் அங்கே வேலை செய்வதில்லை. அனுமதி பெறத்தக்க சிறப்பு அமைப்புகளுக்கோ பல ஆயிரம் டாலர் செலவாகும். ஏழைக் குடும்பங்களால் அது இயலாது. ஆகவே பலர் வீட்டிலிருந்து ஒரு குழாயை நீட்டிக் கழிவு நீரைத் திறந்த வெளியிலேயே விட்டனர். அவர்கள் மீது குற்ற வழக்குத் தொடரவும் சட்டம் இடம் கொடுத்தது.

அக்கவுண்டியில் வளர்ந்த காதரின் கோல்மன் பிளவர்ஸ் என்ற அம்மையார் இந்நிலையைப் பல ஆண்டுகள் எடுத்துரைத்தார். 2020-இல் இது பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நீதி இலாகா விசாரணை தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்பட்ட இடைக்கால உடன்பாட்டின்படி, கழிவு நீர் அமைப்பு இல்லாமைக்காகத் தண்டனை கோருவதை நிறுத்தி வைத்து, எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கணக்கெடுத்துத் திட்டம் தீட்ட மாநிலச் சுகாதார இலாகா இசைந்தது. 2025 ஏப்ரலில் புதிய மத்திய ஆட்சி அந்த உடன்பாட்டை முடித்துக் கொண்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? தனி ஒருவரின் மனையில் குறை இருந்தால் அவர் வேறு வழி தேடலாம். ஊர் முழுவதும் மண் ஒரே குறையுடையதாக இருந்தால், ஒவ்வொருவராக மறுத்துக்கொண்டே போவது ஆட்சி ஆகாது. அங்கே பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு பொது அமைப்பை ஏற்படுத்துவதும், வசதி அற்றோருக்கு உதவி பெற்றுத் தருவதும் ஊராட்சியின் கடமையாகின்றன.

நம் ஊருக்கு உரியவை

வர்ஜீனியாவின் சட்டம் நமக்குச் சட்டம் ஆகாது. ஆயினும் மண்ணின் இயல்பு எங்கும் ஒன்றே. நம் நாட்டு ஐ.எஸ். 2470 என்னும் தர நிர்ணயமும் உறிஞ்சு சோதனையையே அடிப்படையாகக் கொண்டது. நீர் 25 மில்லிமீட்டர் இறங்க 30 நிமிஷத்துக்குள் ஆகுமானால் உறிஞ்சு குழி அமைக்கலாம். 30 முதல் 60 நிமிஷம் வரை ஆகுமானால் உறிஞ்சு வாய்க்கால் வேண்டும். 60 நிமிஷத்துக்கு மேற்பட்டால் அந்த மண் தகாது. வடிகட்டும் வேறு முறைகளை நாட வேண்டும். செப்டிக் டாங்கு நீரை விடும் குழியோ வாய்க்காலோ குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துகளுக்குரிய 29 துறைகளுள் சுகாதாரமும் துப்புரவும் இடம் பெற்றன. ஆகவே வீடுகளின் கழிவு நீர் பற்றிய விண்ணப்பமோ அண்டை வீட்டார் முறையீடோ பஞ்சாயத்தின் முன் வரும்போது, உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. நேரில் சென்று மனையையும் சுற்றியுள்ள கிணறுகளையும் பார்த்து, தூரத்தை நாடா பிடித்து அளந்து எழுதுக.
2. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தருக. 'விதிப்படி இயலாது' என்ற ஒரு வரி காரணம் ஆகாது. எந்த விதி, எத்தனை மீட்டர் குறைவு என்பதைச் சொல்லுக.
3. எந்த அதிகாரியிடம், எத்தனை நாட்களுக்குள் முறையிடலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிடுக.
4. குறையை நீக்க வழி தெரியுமானால் அதையும் சொல்லுக. குழியை மனையின் மறு மூலைக்கு மாற்றினால் போதும் என்றால், அதைச் சொல்லாமல் மறுப்பது முறையன்று.
5. உறவையும் பகையையும் பாராமல் ஒரே அளவுகோலைக் கையாளுக. வேண்டியவரின் குழிக்கு 10 மீட்டரும் வேண்டாதவரின் குழிக்கு 18 மீட்டரும் என்றால், ஊரில் எந்த விதிக்கும் மதிப்பு இராது.

மறுக்கப்பட்ட வீட்டுக்காரருக்கு நாம் கூறுவன இவை: உத்தரவு கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள்; முறையீட்டின் தவணை பெரும்பாலும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். காரணம் விளங்காவிடில் கேளுங்கள்; கோப்பின் நகல் வேண்டுமானால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். மண்ணைச் சோதித்து அளவை எழுதுங்கள்; படம் வரையுங்கள். முறையீட்டில் கோபத்தைக் குறைத்து அளவுகளைக் கூட்டுங்கள். அளித்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். முறையீடு முடியும் வரை குழி வெட்டுவதைத் தொடங்காதீர்கள். அனுமதியின்றிக் கட்டிய குழி, உங்கள் நியாயமான வழக்கையும் பலவீனப்படுத்தி விடும்.

அனுமதி கேட்பவரும் கொடுப்பவரும் எதிரிகள் அல்லர். இருவரும் ஒரே நிலத்தடி நீரைக் குடிப்பவர்கள். காரணம் கூறி மறுக்கும் பஞ்சாயத்தும், அந்தக் காரணத்துக்கு விடை கொண்டுவரும் குடும்பமும் சேர்ந்தே ஓர் ஊரின் கிணறுகளைக் காக்க முடியும்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் எந்தெந்தப் பகுதிகளில் மழைக்காலத்து நீர்மட்டம் மேலே வருகிறது? அப்பகுதியில் குழி வெட்டி மண்ணின் நிறத்தைப் பார்த்திருக்கிறோமா?
2. குடிநீர்க் கிணறுகளிலிருந்து 18 மீட்டருக்குள் எத்தனை உறிஞ்சு குழிகள் இருக்கின்றன?
3. சென்ற ஆண்டு நாம் மறுத்த விண்ணப்பங்களில் எத்தனைக்கு எழுத்தில் காரணம் கூறினோம்?
4. தனித்தனி அமைப்புக்கு இடம் கொடாத தெருக்களுக்குப் பொது அமைப்பு ஏற்படுத்த என்ன செய்யலாம்?